தொலைத்தவர் பக்கம் நின்ற ஜெயந்தி அக்கா

செய்தி வந்தபோது நான் அரூர் பக்கம் ஒரு கடலைக் காட்டில் நின்றிருந்தேன். காதில் ஹெட்போன். பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. காட்டுக்காரர் வரப்பிலிருந்து வேகமாக இறங்கி வந்து என் முன்னால் நின்று கையை ஆட்டினார். ஹெட்போனைக் கழற்றினேன். "உங்க கடையிலருந்து எம் போனுக்குப் பண்ணாங்க பாப்பா. அந்தம்மாவுக்கு நெஞ்சு வலின்னு தருமபுரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்களாம்," என்றார். அதற்கு மேல் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்த விதத்திலேயே மீதி தெரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் என் கையிலிருந்த மெட்டல் டிடெக்டருக்குக் கீழே ஒரு சத்தம் இருந்தது. அவருடைய சின்ன மகளின் கம்மலைத் தேடிக்கொண்டிருந்தோம். "நீ போ பாப்பா, இது கெடக்குது," என்றார். சத்தம் கேட்ட இடத்தைத் தோண்டாமல் போனால் ஜெயந்தி அக்கா திட்டுவார் என்றுதான் முதலில் தோன்றியது. திட்டுவதற்கு அவர் இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அப்போது காட்டிலேயே உட்கார்ந்து தோண்டினேன். மாத்திரை அட்டையின் வெள்ளிக் காகிதம் வந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். காரியம் முடிந்து மறுவாரமே அந்தக் காட்டுக்குத் திரும்பப் போய்க் கம்மலை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதைக் கொடுக்காமல் அவரைப் பற்றி எழுத உட்கார எனக்கு மனம் வரவில்லை.

படத்திறப்பு அன்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள், நடந்ததைப் பார்த்தீர்கள். குரல் வரவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன். அக்காவின் கணவர் மாதேஷ் அண்ணன் மட்டும் கோபப்படவில்லை. "எழுதிக் குடு கோபிகா. அச்சடிச்சு மார்க்கெட்ல எல்லாருக்கும் குடுத்தரலாம்," என்றார். அதனால் இது உங்கள் கைக்கு வருகிறது.

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு எதிரில் அக்காவின் வாடகைக் கடையை அறியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மருந்தடிக்கும் மிஷின், களை வெட்டும் மிஷின், குழி போடும் மிஷின், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். நான் பத்தாம் வகுப்புத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பள்ளியிலிருந்து நின்றுவிட்டவள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கும் என் அம்மா ஒருநாள் என்னைக் கடைக்குக் கூட்டிப் போய், "இவ பேச மாட்டா, ஆனா வேலை செய்வா," என்றார். "நல்லதாப் போச்சு. இந்தக் கடைக்கு வேண்டிய பேச்ச நானே பேசிருவேன்," என்றார் அக்கா. அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

கடைக்கு வருகிற பெண்கள் மிஷின் வாடகையோடு சேர்த்து ஏதாவது ஒரு கதையும் சொல்வார்கள். நாற்று நடும்போது மோதிரம் விழுந்துவிட்டது, கடலை பிடுங்கும்போது தோட்டின் திருகு கழன்றுவிட்டது, உடனே குறி கேட்கப் போனோம், கிழக்கே இருக்கிறது என்று வந்தது, கிழக்கே தோண்டினோம், இல்லை. அக்கா இதைக் கேட்டுக் கேட்டு ஒருநாள், "குறி கேக்க வரிசையில நிக்கறாங்களே, மிஷினு வெச்சா வர மாட்டாங்களா?" என்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள் கடையில் ஓய்ந்த நேரமெல்லாம் போனில் டிடெக்டர் வீடியோதான். இந்தியில் இருக்கும், இங்கிலீஷில் இருக்கும், எந்த நாட்டுப் பாஷை என்றே தெரியாததும் இருக்கும். "பாஷை எதுக்கு? மிஷினு பொய் சொன்னா வீடியோக்காரன் மூஞ்சியே காட்டிக் குடுக்குது," என்பார். வீடியோக்களில் அவர் பிடித்துக்கொண்ட விஷயம் ஒன்று: மண்ணிலேயே இரும்பு இருந்தால் சாதாரண மிஷின் மண்ணைப் பார்த்தே கத்தும். அரூர் பக்கத்து ஓடைக் கருமணல் காந்தத்தில் ஒட்டுவதை நாங்கள் எல்லாரும் சின்ன வயதில் விளையாடியே பார்த்திருக்கிறோம்.

எனவே மிஷின் வாங்க பெங்களூருக்குப் புறப்பட்டபோது அக்கா உரப்பை நிறைய மண் எடுத்துக்கொண்டார். கருமணல் கொஞ்சம், பாலக்கோட்டுச் செம்மண் கொஞ்சம். பையின் மறு காதைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். ஓசூர் தாண்டியதும் கண்டக்டர் பையைக் காலால் தட்டிப் பார்த்து, "என்னம்மா இது?" என்றார்.

"மண்ணுங்க."

"பெங்களூர்ல மண்ணு இல்லையா?"

"இருக்குதுங்க. அது எங்க ஊர்ல வேலைக்கு ஆவாது."

கடைக்காரர் முதலில் காட்டியது ஆன்டெனாவும் கலர் திரையும் உள்ள ஒன்று. முப்பது அடி ஆழத்தில் தங்கம் இருந்தாலும் படமாகவே காட்டும் என்றார். அக்காவுக்குக் கன்னடம் நன்றாக வரும். "தோர்சப்பா," காட்டப்பா என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் எங்கள் மண்ணைக் கொட்டினார். தன் காதிலிருந்த கம்மலைக் கழற்றி ஒரு சாண் ஆழத்தில் புதைத்தார். அந்த மிஷின் கம்மலைக் காட்டவில்லை, கடைக்காரரின் மேசையைக் காட்டியது. "முப்பது அடிக்கு யாரும் தோண்டிப் பாக்க மாட்டாங்கன்ற தைரியமா?" என்று அக்கா கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நேர்மையாகப் பேசினார்.

அடுத்தது விலை குறைந்த மிஷின், எங்கள் மண்ணைக் கண்டதுமே அலறியது. கடைசியாக உள்ளே இருந்து ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரே நேரத்தில் பல அலைகளை மண்ணுக்குள் அனுப்பிப் பார்க்கும் மிஷின், அவர் கடையிலேயே மேலான ரகம். அடியில் தட்டு மாதிரி இருக்கும் வட்டத்தை, அதைக் காயில் என்கிறார்கள், மண்ணுக்கு மேலே சில தடவை ஏற்றி இறக்கினார். மண்ணின் குணத்தை அது அப்படித்தான் தெரிந்துகொள்கிறது. பிறகு கம்மலுக்கு மேல் வந்ததும் சுத்தமாக ஒரு சத்தம். அக்கா அப்போதும் வாங்குவதாகச் சொல்லவில்லை. கம்மலை எடுத்துவிட்டு வெறும் மண்ணைக் காட்டச் சொன்னார். மிஷின் சத்தமே போடவில்லை. "இருக்குன்னு எல்லா மிஷினும் சொல்லிரும். இல்லாதப்ப வாய மூடிக்கிட்டு இருக்குது பாரு, இதுதான் எனக்கு வேணும்," என்றார். அதிக ஆழம் பார்க்கும் பெரிய காயிலைக் கடைக்காரர் சேர்த்துத் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்று சொல்லிச் சின்னக் காயிலைக் கேட்டு வாங்கினார். எங்கள் ஆட்கள் தொலைப்பது களைக்கொத்து இறங்கும் ஆழத்துக்குள்தான். ஆனால் சுற்றிலும் ஆணியும் கம்பியுமாகக் கிடக்கும். நெருக்கத்தில் பிரித்துப் பார்க்கச் சின்னதுதான் உதவும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அது எவ்வளவு சரி என்பது பின்னால் தெரிந்தது.

மார்க்கெட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. "என்ன ஜெயந்தி, பொதையல் கெடச்சா எங்களுக்கும் ஒரு பானை குடு," என்றார் ஒரு தக்காளி மண்டிக்காரர். "பானை எனக்கு, மூடி உனக்கு," என்றார் அக்கா.

முதல் சில நாட்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் பழகினோம். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. இருவருக்குமே ஒன்றும் தெரியாது. எங்கே வைத்தாலும் கத்தியது, தோண்டினால் ஆணி. அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டும் பேசுவார். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகப் பேசுவார். மார்க்கெட் முழுக்க அவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்துவிடும். அவர் மிஷினை வீசும்போது இரண்டு பக்கமும் காயில் தரையை விட்டு மேலே எழும்பிவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்லலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு, "அக்கா, நீங்க பெருக்கறீங்க. மொழுகற மாதிரி செய்யுங்க," என்றேன்.

அக்கா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி சொல்லு."

"வாசல் மொழுகறப்ப கை தரைய விட்டு எந்திரிக்காதில்லைங்க. அது மாதிரி."

அவர் முயன்றார். சத்தம் தெளிந்தது. மறுபடியும் முயன்றார். பிறகு மிஷினை என் கையில் கொடுத்து ஹெட்போனை என் தலையில் மாட்டினார். "எனக்குப் பேசாம இருந்தா மூச்சு முட்டுது. நீ கேளு, நான் பேசிக்கறேன்," என்றார். எங்கள் தொழில் அப்படித்தான் பிரிந்தது.

அதன் பிறகு நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பேன், அக்கா எதையாவது புதைப்பார். நாணயம், சாவி, மெட்டி, மாத்திரை அட்டை. தோண்டாமலே என்ன என்று நான் சொல்ல வேண்டும். இரும்பு உறுமும், விட்டுவிட்டு வரும். நாணயம் மணி மாதிரி. சின்னத் தங்கம்தான் ஏமாற்றும். அதுவும் மாத்திரை அட்டையின் காகிதமும் ஏறக்குறைய ஒரே குரலில் பேசும், திரையில் காட்டும் எண்ணும் பக்கத்துப் பக்கத்து எண்தான். ஆகவே காகிதம் என்று நினைத்து ஒரு சத்தத்தையும் விடக் கூடாது. தோண்டி எடுத்த காகிதங்களை அக்கா ஒரு வாளியில் போட்டுக் கடை முன்னாலேயே வைத்தார். "இதெல்லாம் தங்கம்னு நெனச்சு எடுத்ததா?" என்று கேலி செய்தவர்களிடம், "அப்படி நெனச்சு எடுக்கலைன்னா தங்கத்த எப்படிங்க எடுக்கறது?" என்று பதில் கேள்வி கேட்பார்.

சில நாள் புதைப்பது மாதிரி பாவனை செய்துவிட்டு ஒன்றும் புதைக்க மாட்டார். நான் அரைகுறைச் சத்தத்தை நம்பி "சாவிங்களா?" என்று கேட்டால் அவருக்கு உண்மையிலேயே கோபம் வரும். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. நம்மள நம்பி ஒருத்தங்க நிக்கறப்ப இருக்கற மாதிரி இருக்குதுன்னு சொல்லக் கூடாது."

ஒருமுறை காரில் வெளியூர்க்காரர்கள் வந்து, ஒரு பாழடைந்த கோயில் பக்கம் தேட வேண்டும், கிடைப்பதில் பங்கு என்றார்கள். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, "அங்க உங்களுது என்ன தொலஞ்சுதுங்க?" என்றார். அவர்கள் பங்கைக் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். "தொலைச்சவங்க வந்தா நாங்க வருவோம். யாரும் தொலைக்காதத தேட நாங்க வர்றதில்லைங்க. அதுக்கு சர்க்கார் இருக்குது," என்று அனுப்பிவிட்டார்.

இனி நான் சொல்லப்போவது கௌரியின் சங்கிலி. உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனால் மார்க்கெட்டில் சுற்றும்போது அது வேறு கதையாகிவிட்டது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

கௌரி பாலக்கோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஒரு ஊரின் மருமகள். கல்யாணம் ஆகி அதிக காலம் ஆகவில்லை. கடைசித் தக்காளி பறித்த அன்று அவருடைய தாலிச் சங்கிலி வயலில் விழுந்துவிட்டது. அதே சமயத்தில் அவர் அண்ணன் புது பைக் எடுத்திருந்தார். ஊருக்கு அது போதும். சங்கிலி வயலுக்குப் போகவில்லை, அம்மா வீட்டுக்குப் போயிற்று என்று பேச்சு கிளம்பியது. குறி கேட்டதில் ஈசானி மூலை என்று வந்ததாம். அந்த மூலையை ஆள் வைத்துக் கொத்திச் சலித்துவிட்டார்கள். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் போனபோது செடியெல்லாம் பிடுங்கியாகிவிட்டது. செடிக்கு ஊன்றிய குச்சிகளையும் எடுத்துவிட்டார்கள், அவற்றில் கட்டிய கம்பித் துண்டுகள் மட்டும் பார் முழுக்க, செடி நின்ற மேட்டு வரிசை முழுக்க, சிதறிக் கிடந்தன. உள்ளே தாலி கிடப்பதால் யாரும் செருப்போடு இறங்கக் கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். வரப்பில் ஊரே நின்றது. மாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மிஷினு பாத்துச் சொல்லட்டும். சங்கிலி இங்க இருந்தா இவளும் இங்க இருக்கட்டும். இல்லைன்னா இவ அம்மா வூட்ல போயி இருக்கட்டும்."

"மிஷினு பொய் சொல்லாதுங்க," என்றார் அக்கா. அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

எங்கள் வழக்கப்படி தொலைத்தவரை அக்கா தனியாகக் கூட்டிப் போனார். நானும் கூட நின்றேன். கௌரி அழுதுகொண்டே எப்படித் தொலைந்தது என்று சொல்லத் தொடங்கினார். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். "எப்படித் தொலைச்சேன்னு நான் கேக்கல சாமி. தொலைச்சேன்னு நீ சொன்னா சரி. அது பாக்க எப்படி இருக்கும், அத மட்டும் சொல்லு." மெல்லிசு சங்கிலி, தாலி, இரண்டு பக்கமும் குண்டு, கொக்கி கொஞ்சம் தளர்ந்திருந்தது என்றார் கௌரி. கழுத்தில் இப்போது மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு கட்டியிருந்தார்.

கம்பி அவ்வளவு கிடந்ததால் இரும்பை ஒதுக்கும் பித்தானை அழுத்திவிட்டேன். அழுத்தினால் இரும்புக்கு மிஷின் பேசாது, மற்றதுக்கு மட்டும் பேசும். காலையிலிருந்து ஒரு பாரும் விடாமல் மெழுகினேன். காகிதம் வந்தது, மருந்து பாட்டிலின் மூடி வந்தது, தேய்ந்த நாணயம் ஒன்று வந்தது. சங்கிலி வரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது வயல் முடிந்துவிட்டது. ஹெட்போனைக் கழற்றி, "இல்லைங்கக்கா," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் வரப்பில் எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"கேட்டீங்களா. மிஷினே சொல்லிருச்சு," என்றார் மாமியார். மாமனார் கௌரியின் அப்பாவுக்குப் போன் போட எழுந்து போனார்.

அக்கா வெளுத்துப் போய்விட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. "மிஷினு சொல்லலைங்க. நாங்க கேட்டதுக்கு அது பதில் சொல்லிருக்குது. நாங்க தப்பாக் கேட்டிருக்கலாம்," என்றார்.

"காலைல பொய் சொல்லாதுன்னீங்க?"

"சொல்லாதுங்க. நான் தான் எதையோ உட்டுட்டேன். செத்த இருங்க. இந்தப் புள்ள தொலைச்சேன்னு சொல்லுது. நான் அதத்தான் நம்பி வந்தேன், இப்பவும் அதத்தான் நம்பறேன்."

"உங்களுக்கு அவ என்ன வேணும், இப்படிப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. காலைலதான் பேரு தெரியும்."

யாரோ மோர் கொண்டு வந்தார்கள். கௌரி வாங்கிக்கொள்ளாமல் வயலோரம் நடந்து போனார். செருப்பில்லாத காலில் நெருஞ்சி முள் குத்தியது. நின்று ஒரு காலைத் தூக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். முள் எடுப்பதற்காக அவர் வலது கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே தடவிப் பார்த்துவிட்டுச் சும்மா கீழே இறங்கியது.

நான் அக்காவிடம் ஓடினேன். அவர் கழுத்தில் தொங்கிய தாலிச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினேன். அதில் ஊக்குகள் கோத்திருந்தன, எல்லாப் பெண்களும் கோத்துக்கொள்கிறார்களே, முள் எடுக்க, புடவை குத்த, அந்த ஊக்குகள். அக்கா குனிந்து பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கௌரி, உன் சங்கிலியில ஊக்கு போட்டிருந்தியா சாமி?"

"இருந்துச்சுங்க. ஒரு கொத்து இருந்துச்சு."

"கல்யாணம் ஆன நாள்லருந்து என் கழுத்துலயும் தொங்குது. எனக்கு அது நகையாவும் தெரியல, இரும்பாவும் தெரியல. அதான் கேக்கல," என்றார் அக்கா.

இந்த மிஷின் செய்கிறவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ, தாலியில் ஊக்கு மாட்டுவார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மெல்லிய சங்கிலியை மிஷின் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு சின்னக் கண்ணியாகத்தான் பார்க்கிறது. அதனால் சங்கிலியின் குரல் எப்போதுமே மெலிவு. பக்கத்தில் ஒரு கொத்து ஊக்கு உறுமினால் அது எடுபடாது. நான் இரும்பை ஒதுக்கியபோது தங்கத்தையும் சேர்த்து ஒதுக்கிவிட்டிருந்தேன்.

இதை ஊருக்கு விளக்க வேண்டும். தாலியைக் கழற்றிக் காட்ட முடியாது. அக்கா வரப்பிலிருந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்தார். தலையை நன்றாகக் குனிந்து, கழுத்திலிருந்த சங்கிலியைத் தொங்கவிட்டுத் தரையில் படும்படி வைத்தார். மேலே கொஞ்சம் மண்ணையும் தள்ளிக்கொண்டார். "ஹெட்போனக் கழட்டிரு. எல்லாருக்கும் கேக்கட்டும். வை காயில," என்றார். வைத்தேன். ஒரு சின்ன 'டிக்'கைத் தவிர மிஷின் வாயைத் திறக்கவில்லை. "பாத்துக்கங்க. என் கழுத்துல சங்கிலி இல்லையாம்," என்று குனிந்தபடியே அக்கா சொன்னதும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிறகு பித்தானை மாற்றினேன். உறுமியது. வரப்பில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். மாமியாரின் கையும் போயிற்று.

"போன வெச்சுருங்க," என்று அவர் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்து நடந்தது பெரிய வேலை. பெண்கள் எல்லாரும் இறங்கிக் கண்ணில் பட்ட கம்பியைப் பொறுக்கினார்கள். நான் வழக்கமான காயிலைக் கழற்றிவிட்டுச் சின்னக் காயிலை மாட்டிக்கொண்டு, இரும்பின் சத்தத்தையும் திறந்துவைத்து, மறுபடியும் முதல் பாரிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை வயல் முழுக்க உறுமியது. ஒவ்வொரு உறுமலையும் சுற்றி வந்து, குறுக்கே ஒரு தரமும் நெடுக்கே ஒரு தரமும் கேட்டேன். ஆணி எந்தப் பக்கம் கேட்டாலும் ஆணிதான். வாய்க்காலை ஒட்டிய பாரில், பாதி முறிந்து மண்ணுக்குள் நின்ற ஒரு குச்சிக்குப் பக்கத்தில், நெடுக்கே உறுமிய சத்தம் குறுக்கே கேட்டபோது ஒரு கீற்று மாதிரி மேலே போய் இறங்கியது. மறுபடியும் கேட்டேன். இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கையாலேயே மண்ணைத் தள்ளினேன். குச்சியில் கட்டிய கம்பியின் முனை வெளியே வந்தது. அதில் மாட்டிக்கொண்டு, துரு ஏறிய ஊக்குகளோடு சங்கிலி வந்தது. கௌரி குனிந்து பறிக்கும்போது கம்பி கொக்கியை இழுத்திருக்கிறது. செடி பிடுங்கியபோது மண் மூடியிருக்கிறது.

சீழ்க்கை அடித்தார்கள். ஒருவர் குலவையிட்டார். மாமியார் மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிச் சங்கிலியைக் கழுவி, அவரே இரண்டு கையாலும் கௌரிக்கு நீட்டினார். கௌரி வாங்கவில்லை.

"அத்த, நான் சொன்னது நெசம்னு ஒரு வாட்டி சொல்லுங்க. அப்பறம் போட்டுக்கறேன்."

மாமியார் அக்காவைப் பார்த்தார். அக்கா உதவிக்குப் போகவில்லை, தன் புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது நெசந்தான் சாமி. நாந்தான் ஊர் பேச்சக் கேட்டுட்டேன்," என்றார் மாமியார். கௌரி கழுத்தை நீட்டினார்.

திரும்பி வரும்போது பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். கண்டுபிடித்ததைப் பற்றி அக்கா பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "அந்தப் புள்ள கேட்டுச்சு பாத்தியா. நானா இருந்தா வாங்கிப் போட்டுக்கிட்டு அழுதிருப்பேன்," என்றார். கொஞ்சம் கழித்து, "நீ அந்தக் கையப் பாக்கலைன்னா நாமளே அவள வூட்ட விட்டு அனுப்பிருப்போம்," என்றார். டீக்கடைக்காரரிடம் எனக்கு இன்னொரு பன் சொன்னார்.

படத்திறப்புக்குக் கௌரி வந்திருந்தார். மாமியாரும் வந்திருந்தார், ஒரே வண்டியில்தான் வந்தார்கள். இருவரும் அக்காவின் படத்துக்குப் பூப் போட்டார்கள். அந்த ஒரு காட்சிக்காகவாவது அக்கா இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். இருந்திருந்தால் இரண்டு பேரையும் ஏதாவது கேலி செய்திருப்பார்.

மிஷின் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. மாதேஷ் அண்ணன் அப்படித்தான் சொல்லிவிட்டார். ஆனால் அக்காவிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது மிஷின் அல்ல. தொலைத்தேன் என்று ஒருவர் சொன்னால் அதை முதலில் நம்பிவிட்டுப் பிறகு தேடத் தொடங்குவதும், மிஷின் இல்லை என்று சொன்னாலும் அவரை விட்டுவிட்டு வராமல் இருப்பதும்தான். இது எந்த வீடியோவிலும் இல்லை.

போன வாரம் ஒரு வேலை வந்தது. ஒரு பெண்ணின் வளையல், கேழ்வரகுக் காட்டில். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நான் மிஷினின் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் மாமன்மார்கள் வரப்பில் வரிசையாக நின்று, அவள் வாயைத் திறந்தால் பொய், இங்கே எங்கே தொலைத்தாள், கேட்டுப் பாருங்கள் என்று சத்தம் போட்டார்கள். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் சொல்ல என் பக்கத்தில் யாரும் இல்லை.

"தொலைச்சேன்னு அவங்க சொல்றாங்க. எனக்கு அது போதுங்க," என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்கள்.